கரண்ட் போனால் 32 ஈத்தரும் போய்விடுமா?

வீட்டில் எத்தீரியம் வேலிடேட்டர், அதாவது ஈத்தர் என்ற கிரிப்டோ நாணயத்தின் பரிவர்த்தனைகளைச் சரிபார்க்கும் மெஷின், ஓட்டுகிறேன் என்று யாரிடமாவது சொன்னால் முதலில் வருவது லாபக் கேள்வி. அடுத்து வருவது இது: "நம்ம ஊர்ல கரண்ட் போகுமே, அப்போ என்ன பண்ணுவீங்க?" ஒன்றும் பண்ண மாட்டேன், கரண்ட் வரும்வரை சும்மா இருப்பேன் என்றால் யாரும் நம்புவதில்லை. ஆனால் சரியான பதில் அதுதான். கரண்ட் போவதால் ஆகும் நஷ்டம் சில்லறைக் காசு. கரண்ட் போய்விடுமே என்று பயந்து செய்யும் முன்னேற்பாட்டில்தான் வேலிடேட்டரையே இழப்பார்கள். ஏன் இப்படி என்று புரிய, இந்த மெஷின் நாள் முழுக்க என்ன செய்கிறது என்று பார்க்க வேண்டும்.

2022 செப்டம்பர் 15 வரை எத்தீரியத்தில் மைனிங் இருந்தது. கிராபிக்ஸ் கார்டுகளை அடுக்கிவைத்து, கரண்டை எரித்து, கணக்குப் போட்டு ஜெயித்தவர் அடுத்த பிளாக்கை, அதாவது பரிவர்த்தனைகளின் அடுத்த தொகுப்பை, எழுதினார். மெர்ஜ் என்ற மாற்றம் வந்த அன்று அது முடிந்தது. இப்போது பிளாக் எழுதவும் சரிபார்க்கவும் உரிமை, ஜாமீன் கட்டியவர்களுக்கு. குறைந்தபட்ச ஜாமீன் 32 ஈத்தர். ஒழுங்காக வேலை பார்த்தால் சம்பளம், வராமல் போனால் சிறு பிடித்தம், திருட்டுத்தனம் செய்ததாகத் தெரிந்தால் வெளியேற்றம். ஜாமீன் கட்டும் ஏற்பாடு மெர்ஜுக்கு முன்பே, 2020 டிசம்பர் 1 அன்று பீக்கன் செயின் என்ற தனிச் சங்கிலியோடு தொடங்கிவிட்டது. அன்று கட்டியவர்களால் 2023 ஏப்ரல் 12 வரை ஒரு பைசா வெளியே எடுக்க முடியவில்லை. எப்போது கதவு திறக்கும் என்று தெரியாமலே இரண்டேகால் வருடத்துக்கும் மேல் காத்திருந்தவர்கள் அவர்கள்.

எத்தீரியத்தின் நாடித்துடிப்பு 12 விநாடி. ஒவ்வொரு 12 விநாடிக்கும் ஒரு ஸ்லாட், அதில் ஒரு பிளாக். 32 ஸ்லாட் சேர்ந்தால் ஓர் எபோக், அதாவது 6 நிமிடம் 24 விநாடி. ஓர் எபோக்குக்கு உங்கள் வேலிடேட்டர் ஒரே ஒரு ஓட்டுப் போடும்: "நான் பார்த்த கடைசி பிளாக் இது, நான் ஏற்கும் செக்பாயின்ட் (எபோக் தொடக்கத்தின் அடையாள பிளாக்) இது." நாளைக்கு 225 ஓட்டு. வருமானத்தில் பெரும்பங்கு, 64க்கு 54 பங்கு, இந்த ஓட்டுகளிலிருந்துதான் வருகிறது. பிளாக் எழுதும் வாய்ப்பு குலுக்கலில் விழுவது. 2025இல் சுமார் 3.5 கோடி ஈத்தர் ஜாமீனாகக் கிடந்தது. 32ஆல் வகுத்தால் ஏறக்குறைய 11 லட்சம் சீட்டு. ஆகவே ஒரு சீட்டு வைத்திருப்பவருக்குச் சராசரியாக ஐந்து மாதத்துக்கு ஒருமுறை பிளாக் கிடைக்கும். சராசரி என்பதை அழுத்திச் சொல்கிறேன். ஒரே மாதத்தில் இரண்டு கிடைத்தவரும் உண்டு, வருடம் முழுக்க வாய்பார்த்திருந்தவரும் உண்டு. சிங்க் கமிட்டி என்று 512 பேர் கொண்ட ஒரு குழுவும் இருக்கிறது. அதில் இடம் விழுந்தால் 27 மணி நேரம் கூடுதல் சம்பளம். ஆனால் அது ஆறேழு வருடத்துக்கு ஒருமுறை வரும் யோகம்.

இனி கரண்ட் கணக்கு. மேலே சொன்ன அளவு ஈத்தர் ஜாமீனில் இருக்கும்போது, 32 ஈத்தருக்கான ஓட்டுச் சம்பளம் நாளைக்குச் சுமார் 0.002 ஈத்தர். ஒரு நாள் முழுக்க மெஷின் அணைந்து கிடந்தால் பிடித்தம் சுமார் 0.0015. நெறிமுறையில் இப்படித்தான் எழுதியிருக்கிறது: ஓட்டுக்கு வரும் 54 பங்கில் 40 பங்கு மட்டும், போடத் தவறினால் அபராதமாகத் திரும்பும். கூட்டிக் கழித்துப் பார்த்தால், பாதி நேரம் மட்டும் ஓடும் மெஷின்கூட வருடக் கடைசியில் நஷ்டத்தில் இருக்காது. ஐந்து நிமிடம் கரண்ட் போனால் பொதுவாக ஓர் ஓட்டு, மிஞ்சினால் இரண்டு போகும். அதுவும் உங்கள் முறை வரும் ஸ்லாட் அந்த ஐந்து நிமிடத்துக்குள் விழுந்தால்தான். பத்து நாள் ஊருக்குப் போய், வீட்டில் எல்லாம் நின்றுபோனாலும் இழப்பு 0.015 ஈத்தர். 32ஐப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இது தூசு.

சில மாதங்களுக்கு முன் ராத்திரி பத்து மணிக்கு ஒரு தம்பி போன் செய்தான். புதிதாகத் தொடங்கியவன். "அண்ணே, பழைய லேப்டாப்லயும் அதே கீயைப் போட்டு வெச்சிருக்கேன். இது நின்னா அது எடுத்துக்கும்ல?" லேப்டாப் ஓடுகிறதா என்று கேட்டேன். "சிங்க் ஆயிட்டிருக்கு, நெட்வொர்க் பதிவெல்லாம் இறங்குது, இன்னும் அரை மணி நேரத்துல முடிஞ்சிடும்." "முதல்ல அதை ஆஃப் பண்ணு தம்பி. அப்புறம் பேசலாம்." கடையில் ஜெனரேட்டர் வைப்பது போல இதற்கும் ஒரு ஸ்பேர் வைக்கலாம் என்று அவன் நினைத்ததில் குற்றமில்லை, வேறெந்த சர்வருக்கும் அது புத்திசாலித்தனமான யோசனை. இங்கே ஒரே சாவியோடு (அவன் சொன்ன கீ, ஓட்டில் கையெழுத்துப் போடுவது) இரண்டு மெஷின் ஓடினால் ஒரே எபோக்கில் இரண்டு ஓட்டு விழும். இரண்டும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருந்தால் தப்பிக்கலாம். ஒரு மெஷினுக்கு பிளாக் அரை விநாடி தாமதமாக வந்து, அது வேறொன்றைக் கடைசி பிளாக் என்று சொல்லிவிட்டால் கதை முடிந்தது. நெட்வொர்க் பார்வையில் அது கள்ள ஓட்டு. பார்த்தவர் யாராக இருந்தாலும் ஆதாரத்தை பிளாக்கில் சேர்த்துவிடலாம். இதற்குப் பெயர் ஸ்லாஷிங்.

2025 மே 7 அன்று வந்த பெக்ட்ரா மேம்பாட்டுக்கு முன் ஸ்லாஷிங்கின் முதல் அடியே ஒரு முழு ஈத்தர். இப்போது அது 4096இல் ஒரு பங்காகக் குறைந்துவிட்டது, 32க்கு 0.008 கூட இல்லை. ஆனால் அந்த வேலிடேட்டர் கட்டாயமாக வெளியேற்றப்படும், திரும்ப உள்ளே வர வழியில்லை. ஜாமீன் கைக்கு வரக் குறைந்தது சுமார் 36 நாள், அதுவரை தினமும் அணைந்து கிடந்ததற்கான அபராதம். அதே காலத்தில் வேறு எத்தனை பேர் ஸ்லாஷ் ஆனார்கள் என்று பார்த்து நடுவில் இன்னொரு அபராதம். தனியாக மாட்டினால் அது பூஜ்யத்துக்குப் பக்கம். மொத்த ஜாமீனில் மூன்றில் ஒரு பங்கு சேர்ந்து மாட்டினால் 32ம் காலி. தனி ஆள் தவறை மன்னித்து, கூட்டுச் சதியை நொறுக்கும் ஏற்பாடு இது. எனக்குத் தெரிந்து இந்த முழு வடிவமைப்பிலேயே மிக அழகான பகுதி.

அதனால் கரண்ட் விஷயத்தில் கவலைப்பட வேண்டியது மெஷின் அணைவதைப் பற்றியல்ல, விட்டு விட்டு அணைவதைப் பற்றி. இதை நான் கற்றது இன்வெர்ட்டர் வழியாக. வீட்டில் இன்வெர்ட்டர் இருக்கிறதே என்று மெஷினை அந்த லைனில் மாட்டிவிட்டு நிம்மதியாக இருந்தேன். ஐப்பசி மழையில் கரண்ட் கண்ணடிக்கத் தொடங்கியது. ஃபேன் நிற்கவில்லை, லைட் லேசாக மினுக்கி எரிந்தது, மெஷின் மட்டும் ஒவ்வொரு முறையும் ரீஸ்டார்ட். மூன்றாம் நாள் டேட்டாபேஸ் கெட்டு, எல்லாவற்றையும் அழித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து சிங்க். பிறகுதான் இன்வெர்ட்டரைத் திருப்பிப் பார்த்தேன். பின்பக்கம் ஒரு சின்ன சுவிட்ச், ஒரு பக்கம் யுபிஎஸ், மறு பக்கம் ஈகோ. பல வருடமாக ஈகோவில் கிடந்திருக்கிறது. அந்த நிலையில் பேட்டரிக்கு மாற எடுக்கும் நேரம் ஃபேனுக்குப் போதும், கம்ப்யூட்டருக்குப் போதாது. யுபிஎஸ் பக்கம் தள்ளியதும் பிரச்சினை நின்றது. வோல்டேஜ் கொஞ்சம் இறங்கினாலே பேட்டரிக்குத் தாவுகிறது என்ற புது எரிச்சலோடு. வைஃபை ரவுட்டரையும், ஃபைபர் வந்து சேரும் பெட்டியையும் அதே லைனில் மாட்ட மறக்கக் கூடாது. மெஷின் உயிரோடு இருந்து இன்டர்நெட் செத்தால் ஓட்டு போகாது.

மெஷின் பெரிய விஷயமில்லை, கையகல மினி பிசி போதும். நாலு கோருக்குக் குறையாத பிராசஸர், 32 ஜிபி ராம். காசைக் கொட்ட வேண்டிய ஒரே இடம் எஸ்எஸ்டி. ஹார்ட் டிஸ்க்கில் இது ஓடவே ஓடாது. சாட்டா எஸ்எஸ்டி தடுமாறும். என்விஎம்ஈ வேண்டும், அதிலும் கியூஎல்சி என்று போட்டிருக்கும் மலிவு ரகம் வேண்டாம். டிஎல்சி வகையாக, சொந்தமாக டிராம் உள்ளதாக இருக்கட்டும். நாள் முழுக்கக் குட்டிக் குட்டியாக எழுதிக்கொண்டே இருக்கும் வேலை என்பதால் மலிவு எஸ்எஸ்டி சில மணி நேரத்தில் மூச்சு வாங்கும். 2025 ஜூலையில் மெர்ஜுக்கு முந்தைய பழைய பிளாக்குகளைத் தூக்கிப்போட வசதி வந்து 300 முதல் 500 ஜிபி வரை இடம் மிச்சமானது. ஆகவே 2 டிபி இன்றும் தாங்கும். புதிதாக வாங்குகிறவர் 4 டிபி வாங்குவது நல்லது.

30 வாட் இழுக்கும் மெஷின் இரண்டு மாதத்தில் சுமார் 43 யூனிட் சாப்பிடும். தமிழ்நாட்டில் பில் ஏற்கெனவே 500 யூனிட்டை ஒட்டி வரும் வீடு என்றால் கொஞ்சம் யோசியுங்கள். 500ஐத் தாண்டியதும் கட்டண அட்டவணையே மாறிவிடுகிறது, 43 யூனிட்டின் விலை 43 யூனிட்டோடு நிற்காது.

இன்டர்நெட்டில் வேகத்தைவிட அளவுதான் சிக்கல். அன்லிமிடெட் என்று விற்கப்படும் ஃபைபர் பிளான்கள் பலவற்றில் மாதம் 3.3 டிபிக்கு மேல் வேகம் தரைதட்டும். ஒரு நோடு, அதாவது நெட்வொர்க்கில் இணைந்த இந்த மெஷின், மாதம் ஒரு டெராபைட்டைத் தாண்டுவது சாதாரணம், வீட்டில் நாலு பேர் ஓடிடி பார்க்கிறார்கள் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பல நிறுவனங்கள் ஒரே பொது ஐபி முகவரியை நூறு வீட்டுக்குப் பங்கிடுகின்றன. அங்கே 30303, 9000 ஆகிய போர்ட்களை (நோடு பிறரோடு பேசும் வாசல்கள்) ரவுட்டரில் திறந்துவிட்டாலும் வெளியிலிருந்து யாரும் வர முடியாது. உங்கள் நோடு வெளியே போய்ப் பிறரைப் பிடித்துக்கொள்ளும் என்பதால் வேலை நடக்கும், நண்பர் கூட்டம் மட்டும் சின்னதாக இருக்கும். நோடுக்குக் கட்டளை போகும் 8545, 8551 ஆகிய போர்ட்களை மட்டும் எந்தக் காரணத்துக்கும் வெளியுலகுக்குத் திறக்காதீர்கள்.

மென்பொருளுக்கு வருவோம். லினக்ஸ் போட்ட மெஷினில் இரண்டு கிளையன்ட் (நெட்வொர்க்கோடு பேசும் நிரல்) ஜோடியாக ஓட வேண்டும். பரிவர்த்தனைகளை நிறைவேற்றிப் பார்க்க ஒன்று: கெத், நெதர்மைண்ட், பெசு, எரிகான், ரெத். ஓட்டு விவகாரத்துக்கு இன்னொன்று: லைட்ஹவுஸ், பிரிஸம், டெக்கு, நிம்பஸ், லோட்ஸ்டார். இரண்டும் ஒரு ரகசியக் கோப்பைப் பகிர்ந்துகொண்டு உள்ளுக்குள் பேசும். புதியவர்கள் முதல் நாள் சிக்குவது பெரும்பாலும் இங்கேதான். கோப்பின் பாதை ஓர் எழுத்து தப்பினால் இரண்டும் ஒன்றையொன்று அந்நியராகப் பார்க்கும். ஓட்டுக் கிளையன்ட், நம்பகமான ஒருவரிடமிருந்து செக்பாயின்ட் வாங்கிச் சில நிமிடத்தில் தயாராகிவிடும். மற்றது பல மணி நேரம், சமயத்தில் ஒன்றிரண்டு நாள்.

எதைத் தேர்ந்தெடுப்பது? பெயருக்கேற்ற கெத்தோடு பல காலம் முன்னால் நின்றது கெத் தான். எல்லோரும் போடுவதைப் போடுவது பாதுகாப்பு என்று தோன்றும். இங்கே அது தலைகீழ். 2024 ஜனவரி 21 அன்று நெதர்மைண்டில் ஒரு பிழை வந்து அதை ஓட்டியவர்கள் நின்றுபோனார்கள். அவர்கள் சிறுபான்மை என்பதால் நெட்வொர்க் அசையவில்லை, அவர்களுக்கும் சில்லறை நஷ்டம்தான். 2023 மே 11, 12 தேதிகளில் பிரிஸமும் டெக்குவும் பழைய ஓட்டுகளைச் சரிபார்க்கும் சுமையில் திணறியபோது அவை இரண்டும் சேர்ந்து பெரும் பங்கு வைத்திருந்தன. முதல் நாள் அரை மணிக்குள், மறுநாள் ஒரு மணிக்கும் மேல், பிளாக்குகள் உறுதியாகாமல், அதாவது இனி மாறாது என்ற நிலையை எட்டாமல், நின்றன. உறுதியாகாத நிலை நான்கு எபோக்கைத் தாண்டினால் வராதவர்களின் ஜாமீன் வேகமாகக் கரையத் தொடங்கும். மேலே நான் போட்டுக் காட்டிய கரண்ட் கணக்கு, நீங்கள் மட்டும் இருட்டில் இருக்கும்போது பொருந்துவது. மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்டவர்கள் ஒன்றாக இருட்டில் இருந்தால் கணக்கே வேறு. எனவே அதிகம் பேர் ஓட்டாத கிளையன்டைப் போடுவது ஊருக்கு உபகாரம் மட்டுமல்ல, சொந்தக் காசுக்கும் காவல்.

கடிகாரத்தைப் பற்றி யாரும் சொல்லித் தருவதில்லை. 2020 ஆகஸ்ட்டில் மெடாலா என்ற சோதனை நெட்வொர்க்கில் பிரிஸம் கிளையன்ட் ஆறு நேர சர்வர்களின் சராசரியை எடுத்துக்கொண்டிருந்தது. ஒன்று 24 மணி நேரம் முன்னால் ஓடியது. ஆறால் வகுத்தால் நாலு. ஆயிரக்கணக்கான மெஷின்கள் ஒரே நொடியில் நாலு மணி நேரம் எதிர்காலத்துக்குத் தாவி, நடக்காத ஸ்லாட்டுகளுக்கு ஓட்டுப் போட்டன. நேரம் சரியானதும் அதே ஸ்லாட்டுகளுக்கு மறுபடி ஓட்டுப் போட்டவர்கள் ஸ்லாஷ் ஆனார்கள். உங்கள் லினக்ஸில் குரோனி போன்ற நேர ஒத்திசைவு ஓடுகிறதா என்று பார்ப்பது ஒரு கட்டளை வேலை.

சாவி விஷயத்தில் நிதானம் வேண்டும். மீட்புக்கான 24 சொற்கள் முதலில் பிறக்கும், அவற்றிலிருந்து ஓட்டுச் சாவி. இன்டர்நெட் இல்லாத கம்ப்யூட்டரில் உருவாக்குங்கள், பேனாவால் எழுதுங்கள், போட்டோ எடுக்காதீர்கள். மெஷினுக்குள் போவது ஓட்டுச் சாவி மட்டும். அதைத் திருடியவரால் உங்களை ஸ்லாஷ் செய்ய முடியும், பணத்தை எடுத்துப் போக முடியாது. பணம் போய்ச் சேரும் முகவரியை டெபாசிட்டின்போதே கொடுக்க வேண்டும், அது கல்வெட்டு. பிறகு மாற்ற வழியே இல்லை. கிரிப்டோ வாங்கி விற்கும் எக்ஸ்சேஞ்ச் தந்த முகவரியைப் போட்டுவிட்டு, அந்தக் கணக்கு நாளை முடங்கினால் யாரிடமும் முறையிட முடியாது. 32க்கு மேல் சேரும் வருமானம் ஒன்பது நாளுக்கு ஒருமுறை வாக்கில் தானாக அந்த முகவரிக்கு வந்துவிடும்.

முதலில் ஹூடி சோதனை நெட்வொர்க்கில் ஓட்டிப் பாருங்கள். 2025 மார்ச்சில் தொடங்கியது, போலி ஈத்தர், நிஜ நடைமுறை. அதற்கு முந்தைய ஹோலெஸ்கியில், பெக்ட்ரா ஒத்திகையின்போது மூன்று பெரிய கிளையன்ட்களில் ஒரு கான்ட்ராக்டின் (செயினிலேயே ஓடும் நிரல்) முகவரி தப்பாக அமைந்திருக்க, பெரும்பாலோர் தவறான கிளைக்கு ஓட்டுப் போட்டு, நெட்வொர்க் மறுபடி உறுதிப்பட இரண்டு வாரம் ஆனது. ஒத்திகையில் நடந்ததால் யார் பணமும் போகவில்லை. ஹூடியில் ஒரு மாதம் ஓட்டி, வேண்டுமென்றே பிளக்கைப் பிடுங்கி, அப்டேட் செய்து, வெளியேறும் நடைமுறை வரை முடித்துப் பாருங்கள். 32 ஈத்தர் கையில் இல்லாதவர்களுக்கு ராக்கெட் பூல், லைடோவின் சமூக ஸ்டேக்கிங் (ஜாமீன் கட்டும் ஏற்பாடு) என்று குறைந்த ஜாமீனில் வழிகள் உண்டு. அங்கே வேறு சிலரின் கான்ட்ராக்டையும் சேர்த்து நம்ப வேண்டியிருக்கும்.

வரவு? வருடத்துக்கு 3 சதவீதத்தை ஒட்டி, ஈத்தராக. ஈத்தர் விலை ஒரே வாரத்தில் இதைப்போல் பல மடங்கு ஆடும் என்பதால், பணம் பண்ணத்தான் வருகிறீர்கள் என்றால் இது மந்தமான தொழில். இந்தியாவில் 2022 ஏப்ரல் 1 முதல் கிரிப்டோ லாபத்துக்கு 30 சதவீத வரி, அதே ஜூலை முதல் விற்கும்போது 1 சதவீத டிடிஎஸ். வாங்கிய விலையைத் தவிர வேறு எந்தச் செலவையும் கழிக்க முடியாது. மினி பிசி, கரண்ட் பில், எஸ்எஸ்டி எல்லாம் உங்கள் கைக்காசு. ஒன்பது நாளுக்கு ஒருமுறை வரும் சன்மானத்தை வரவாக எந்தத் தேதியில் காட்டுவது என்பதை ஆடிட்டரிடம் முதல் வருடமே பேசிவிடுங்கள். எந்த நாள் எவ்வளவு வந்தது, அன்றைய விலை என்ன என்ற குறிப்பு கையில் இருந்தால் பேச்சு சீக்கிரம் முடியும்.

ஒரு நாள் மெஷின் நிஜமாகவே செத்துப்போகும், புதியது வாங்குவீர்கள். அப்போது கை பரபரக்கும். பழைய மெஷின் எழுந்தால், இன்டர்நெட்டைப் பிடுங்கிவிட்டு, ஓட்டு வரலாற்றுக் கோப்பை எடுத்துக்கொண்டு, சாவியை அழியுங்கள். அந்தக் கோப்பைப் புதியதில் ஏற்றினால், ஏற்கெனவே போட்ட ஓட்டை அது மறுபடி போடாது. எழவே இல்லையென்றால் எஸ்எஸ்டியைக் கழற்றித் தனியாக வையுங்கள். டாப்பல்கேங்கர் பாதுகாப்பு என்ற அமைப்பைப் புதியதில் இயக்குங்கள். அது தொடங்கியதும் இரண்டு மூன்று எபோக் ஓட்டே போடாமல், தன் சாவியில் வேறு யாராவது பேசுகிறார்களா என்று காதுகொடுத்துக் கேட்கும். பதின்மூன்று நிமிடமோ இருபது நிமிடமோ லாகில் ஓட்டு எதுவும் போகாது. கட்டளையில் ஏதோ தப்பு என்று நினைத்து, அதை அணைத்துவிட்டு இயக்கத் தோன்றும். அந்த மூன்று ஓட்டின் விலை 0.00003 ஈத்தர்கூட இல்லை. நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து போய்விடுங்கள்.